மடிக்காத சீட்டு

தலைநகர்,
அக்டோபர் 4, 1787

அருமை மருமகள் எப்சிபாவுக்கு, தாய்மாமன் ஒபதியா பிரன்ட் எழுதிக்கொள்வது. தேவன் தயவில் இடது குதிகால் தவிர மற்ற எல்லா உறுப்புகளும் சுகம். உன் சுகமும், உன் பொறுப்பில் விட்டுவந்த என் பசு டெலிலாவின் சுகமும் எழுதவும்.

மூன்று நாள் பயணம். வழியில் ஒரு கரடி மறித்தது. நான் ஹாரோஹில் ஊரின் பிரதிநிதி, சட்டசபைக்குப் போகிறேன் என்றேன். ஒதுங்கி வழிவிட்டது. இந்த ஊர் மனிதர்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. சபை வாசலில் காவலாளி என்னைப் பார்த்து, "பீப்பாய் செய்யறவங்க பின்கட்டு வழியா வரணும்" என்றான். தொப்பியைக் கழற்றி நெற்றியைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தேன். பயந்துபோய்க் கதவைத் திறந்தான்.

விடுதிக்காரியும் சாமானியமில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோர் எதிரிலும் கேட்டாள்.

"ஒங்க ஊர்க்காரங்க நாலு பேரத் தூக்குல போடப் போறாங்களாமே. அப்படி என்னதான் செஞ்சாங்க?"

"கோர்ட்டு வாசல்ல நின்னாங்க. வரி கட்டாதவன் நிலத்தைப் பிடுங்க ஜட்ஜு வந்தாரு. வழி விடல. அவ்வளவுதான்."

"அதுக்கா தூக்கு?"

"ஆளுநர் லாத்ராப் கையெழுத்துப் போட்டிருக்காரு. போட்ட கைக்கு இனிமே வேலை இல்ல. அடுத்த ஆளுநரா கேப்டன் டேகர்ட் வந்த அன்னைக்கே நாலு பேரையும் விட்டுடுவாரு. ஊர் ஊராச் சொல்லியிருக்காரு."

சொல்லிவிட்டு அவள் வைத்த அவரையையும் பன்றிக்கறியையும் மூன்று தட்டு சாப்பிட்டேன். தூக்குக்குக் குறித்த டிசம்பர் ஆறாம் தேதியை உன் புருஷன் ரூபன் தன் வீட்டில் கழிப்பான். இதை உன் மாமன் வாக்காக வைத்துக்கொள்.

என்றும் உன் நன்மை நாடும்,
ஒபதியா பிரன்ட், சட்டசபை உறுப்பினர்


ஹாரோஹில்,
அக்டோபர் 10

அன்புள்ள மாமாவுக்கு எப்சிபா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். டெலிலா உங்களைத் தேடவில்லை. தேடுகிறது என்று எழுதினால் சந்தோஷப்படுவீர்கள், ஆனால் என்னால் பொய் எழுத முடியவில்லை.

அந்தக் கரடியை எனக்குத் தெரியும். போன வருஷம் நீங்கள் வேலிக்கு வெளியே பார்த்த அதே கரடிதான், அது ஹிக்கின்ஸ் வீட்டுக் கறுப்பு நாய்.

வியாழக்கிழமை ஜெயிலுக்குப் போனேன். அவரும் மற்ற மூவரும் ஒரே அறையில் வைக்கோலில் படுத்திருக்கிறார்கள். சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. சோள ரொட்டி கொண்டுபோனேன். அதை நாலாகப் பிய்த்தார்.

செப்டம்பரில் நம் ஊர்க்கூட்டத்தில் எல்லா ஆண்களும் டேகர்ட் பெயரைத்தானே எழுதிப் போட்டார்கள். பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். அப்படியிருக்க இன்னும் ஏன் சபை கூடித் தீர்மானிக்க வேண்டும்? எனக்குப் புரியும்படி, கரடி இல்லாமல் எழுதவும். குதிகாலுக்குப் பன்றிக் கொழுப்பு தடவவும்.

தங்கள் பிரியமுள்ள,
எப்சிபா


தலைநகர்,
அக்டோபர் 16

எப்சிபாவுக்கு ஆசீர்வாதம். குதிகால் பரவாயில்லை. உனக்குச் சளி இல்லாமல் இருக்கப் பிரார்த்தனை.

நீ கேட்டதைச் சொல்கிறேன். ஊர்களில் இருந்து வந்த ஓட்டுகளை இங்கே சபை நடுவில் எண்ணினார்கள். டேகர்ட்டுக்குத்தான் அதிகம். லாத்ராப் இரண்டாவது. மூன்றாவதாக ஒரு போதகர் நின்றார் இல்லையா, பக்திமான்கள் எல்லோரும் அவருக்குப் போட்டுத் தொலைத்துவிட்டார்கள். அதனால் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. பாதி தாண்டாவிட்டால் முதல் இரண்டு பேரில் ஒருவரைச் சபை பொறுக்கும். அதுதான் சட்டம். ஆளுக்கொரு காகிதத்தில் பெயர் எழுதி, மடித்து, சபைத்தலைவரின் தொப்பியில் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று யாரும் கேட்கக்கூடாது.

இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மலைநாட்டு உறுப்பினர்கள் பதினொரு பேர் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். நான் தும்மினால் அவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். நேற்று ஆளுநரின் வக்கீல் பெல்சரே என்னை விருந்துக்கு அழைத்தான். வெள்ளித்தட்டு, கடல் சிப்பி, பிரெஞ்சு மது. நான் பதினொரு பேர் கதையைச் சொன்னதும் மனுஷன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"பதினோரு பேருமா, மிஸ்டர் பிரன்ட்?"

"பன்னெண்டாவது ஆளும் வரேங்கறான். நான்தான் யோசிக்கிறேன்."

இப்போது என்னைத் தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்குகிறான். உன் மாமனுக்கு இங்கே இருக்கிற செல்வாக்கை உன் அம்மா உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உன் மாமா,
ஒபதியா


தலைநகர்,
அக்டோபர் 25

எப்சிபாவுக்கு.

நலம். உன் நலம் எழுதவும். ஓட்டெடுப்பு நவம்பர் பன்னிரண்டாம் தேதி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

ஒபதியா


ஹாரோஹில்,
அக்டோபர் 31

அன்புள்ள மாமாவுக்கு, இங்கே நலம். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். நாலு வரி. கரடி இல்லை, விருந்து இல்லை, நீங்கள் யாரையும் பயமுறுத்தவில்லை. நீங்கள் பொய் சொல்லும்போது பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். உங்களிடம் ஒரு உண்மை மாட்டிக்கொண்டால்தான் பேச்சு குறையும். அத்தை செத்த அன்று நீங்கள் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று ஜெயிலுக்குப் போனேன். அவருக்கு மட்டும் புதுக் கம்பளி கொடுத்திருக்கிறார்கள். மாட்டுக்கறிச் சாறு அவருக்கு மட்டும். ஜெயிலர் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றான். போன மாதம் இதே ஆள் என் கூடையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினான்.

"இது யாரு அனுப்பினது?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குப் பெரிய இடத்துல ஆள் இருக்கு. ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்களே" என்று கண்ணடித்தான்.

அவர் அந்தக் கம்பளியைக் குறுக்காகப் போட்டு நாலு பேரும் கால் நீட்டிக்கொள்கிறார்கள். சாறு ஆளுக்கு இரண்டு மடக்கு.

மாமா, நீங்கள் அங்கே எதை விற்றீர்கள்? விற்கவில்லை என்றால், எதற்கு விலை பேசுகிறார்கள்?

எப்சிபா


தலைநகர்,
நவம்பர் 3

அம்மா எப்சிபா,

உடம்பு சுகம்தான். மனசு பற்றிக் கேட்காதே.

அந்த நாலு வரி எழுதுவதற்கு முந்தின நாள் பெல்சர் இரண்டாம் முறை அழைத்தான். இந்தத் தடவை விருந்து இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு பேசினான்.

"ரூபன் டிராஸ்க் ஒங்க மருமகன்தானே?"

"ஆமா."

"ஒங்க பதினோரு பேரும் லாத்ராப்புக்கு மடிச்சுப் போடட்டும். அன்னிக்கு ராத்திரியே ரூபன் வீட்டுக்குப் போயிடலாம். மன்னிப்பு எழுதித் தயாரா இருக்கு."

"மத்த மூணு பேரு?"

"அவங்களுக்கு ஒங்கள மாதிரி மாமா இல்லையே."

கம்பளியும் சாறும் முன்பணம் மாதிரி என்று இப்போதுதான் புரிகிறது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பதினொரு பேர் என்று யாரும் இல்லை. பக்கத்து ஊர் சைலஸ் ஹோவ் ஒருத்தர்தான் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார், அதுவும் மற்ற மேசைகளில் இடம் இல்லாவிட்டால். சிப்பி தின்ற வாய்க்கு ஒரு பெருமை வேண்டியிருந்தது. அந்தப் பெருமைதான் இப்போது உன் புருஷன் கழுத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும், நான் ஒருத்தன் மட்டும் லாத்ராப்புக்குப் போட்டுவிட்டு, மற்றவர்களும் போட்டார்கள் என்று சாதிக்கலாம். மடித்த சீட்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்? லாத்ராப் ஜெயித்துவிட்டால் பெல்சர் நம்பிவிடுவான். ரூபன் வெளியே வந்துவிடுவான்.

நீ சொல். நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன். இதில் ஒரு வார்த்தையும் கூட்டி எழுதவில்லை.

மாமா


ஹாரோஹில்,
நவம்பர் 7

அன்புள்ள மாமாவுக்கு,

டெலிலா, நான், இருவரும் நலம்.

கடிதம் கிடைத்தவுடன் ஜெயிலுக்கு நடந்தேன். மூவர் எதிரிலேயே அவரிடம் வாசித்துக் காட்டினேன். மறைக்க அந்த அறையில் மூலை இல்லை. மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அவர்களில் பெரியவர் ஜோப், "ரூபன், நீ போ. எவனாவது ஒருத்தன் போனாப் போதும்" என்றார்.

இவர் சொன்னது இது: "நாலு பேரும் ஒரே கதவு வழியா உள்ள வந்தோம். வெளிய போனாலும் ஒரே கதவு வழியாப் போவோம். மாமாகிட்டச் சொல்லு, என் பேர்ல அவர் ஒண்ணும் வாங்க வேணாம்."

இனி நான் சொல்வது. எனக்கு அவர் வேண்டும், மாமா. அவர் தலையணையை இன்னும் நான் உதறவில்லை. அவர் இல்லாமல் வருகிற ஜனவரியை நினைத்து, அடுக்கிய விறகையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜோப்பின் மனைவி தினமும் என் வீட்டு வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறாள். விற்று வாங்கிய புருஷனோடு வாசலில் நின்று அவள் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

ஊர் உங்களை டேகர்ட்டுக்குப் போடச் சொல்லி அனுப்பியது. டேகர்ட்டுக்குப் போடுங்கள். தோற்றால் தோற்போம். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

குளிரில் காதை மூடிக்கொள்ளவும்.

எப்சிபா


தலைநகர்,
நவம்பர் 13

எப்சிபாவுக்கு.

லாத்ராப் ஜெயித்துவிட்டான். நாலு சீட்டு வித்தியாசம். கடற்கரை ஊர்களுக்கு சபையில் நாற்காலி அதிகம்.

நான் என் சீட்டைப் போட்டேன்.

விடுதியை மாற்றிக்கொண்டேன். பழைய இடத்தில் காற்றோட்டம் போதவில்லை. சபைக்கு என் யோசனை இன்னும் தேவைப்படுவதால் வர நாளாகும்.

மன்னித்துக்கொள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். உனக்கு அது பிடிக்காது. எழுதவில்லை.

ஒபதியா


ஹாரோஹில்,
நவம்பர் 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். சைலஸ் ஹோவ் இங்கே வந்திருந்தார். அடுப்படியில் ஒரு குவளை ஆப்பிள் கள்ளை வைத்துக்கொண்டு எல்லாம் சொல்லிவிட்டார்.

"ஒங்க மாமா எழுந்தாரும்மா. கையில சீட்டு. பீப்பாய்க்குக் குறி போடற கறுப்பு மையில, உள்ளங்கை அகலத்துக்கு டேகர்ட்னு எழுதியிருக்கு. அதைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நடு வழியில நடக்கறாரு. சபைத்தலைவர், 'மடிச்சுப் போடுங்க மிஸ்டர் பிரன்ட், அதுதான் வழக்கம்'ங்கறாரு. 'பீப்பாய் செய்யறவன் ஐயா, பலகையை மடிச்சா ஒழுகும்'னாரு. சபையே சிரிச்சது. அவரு சிரிக்கல. எங்க பெஞ்சுப் பக்கம் திரும்பினாரு. 'மடிச்சுப் போடறவங்க தாராளமாப் போடலாம். ஏன் மடிச்சீங்கன்னு வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்குங்க'ன்னாரு."

அப்புறம் சைலஸ் குவளையைக் கீழே வைத்தார்.

"எனக்கு பெல்சர் நீதிபதி வேலை தரேன்னிருந்தான்மா. என் சீட்டு மடிச்சுத் தயாராக் கையில இருந்துச்சு. உள்ள லாத்ராப் பேரு. ஒங்க மாமா எங்களைப் பாத்தப்புறம் மடிச்ச சீட்டைத் தூக்கிக்கிட்டு எப்படி நடக்கறது? மடிச்சவன் வெல போனவன்னு எழுதி ஒட்டின மாதிரி ஆயிடுச்சு. அடிச்சுட்டு டேகர்ட்னு எழுதினேன். விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். எனக்குப் பின்னால ஒவ்வொருத்தனா வந்தான். மலைநாட்டு ஆளுங்கள்ல ஒருத்தன்கூட மடிக்கல."

எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஒங்க மாமாவைச் சேத்துப் பத்தொம்பது."

பதினொரு பேர் என்று அளந்தது நீங்கள். நடந்ததை எழுதச் சொன்னால், "என் சீட்டைப் போட்டேன்."

மற்றதையும் சொன்னார். விடுதிக்காரி பெல்சரின் உறவாம், அன்று சாயங்காலமே உங்கள் மூட்டையைப் பனியில் எறிந்தாளாம். நீங்கள் காற்றோட்டம் தேடிப் போனது சைலஸ் அங்கே தன் குதிரையைக் கட்டியிருந்த லாயத்துக்கு. இரண்டு நாள் அங்கே கிடந்து காய்ச்சல் கண்டு, இப்போது இருப்பது தலைநகரில் அவர் அக்கா வீட்டுக் கட்டிலில். உங்கள் யோசனை தேவைப்படுவது அந்த அம்மாளின் கஞ்சிப் பானைக்கு மட்டும்தான்.

இனி இங்கே நடந்ததைக் கேளுங்கள். பத்தொன்பது பேரும் ஊருக்குத் திரும்பி, தங்கள் ஊர்க்கூட்டத்தில் நின்று, நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று உங்களுக்குத் தெரியும், இனி நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்களாம். ஊர்கள் வரிசையாகத் தீர்மானம் போட்டுவிட்டன. தூக்குமேடைக்கு மரம் இல்லை, ஆணி இல்லை, கயிறு இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஷெரீப் நம் மர அறுப்பு ஆலைக்கே வந்துவிட்டார். மாவட்டத்தில் நீள உத்தரம் அறுக்கிற இடம் இது ஒன்றுதானே, யோசிக்காமல் வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் வாசலில் நின்றிருந்தேன்.

"ரெண்டு நீள உத்தரம் வேணும்மா. ஓக் மரம்."

"இந்த ஊர்ல மரம் அறுக்கறவர் ஒருத்தர்தாங்க. அவரை நீங்க ஜெயில்ல வெச்சிருக்கீங்க. அனுப்புங்க, நல்லா அறுத்துத் தருவார்."

அப்போதுதான் அவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. காது வரைக்கும் சிவந்துபோய்க் குதிரையில் ஏறினார்.

கஞ்சியைக் குடிக்கவும். படுத்தே இருக்கவும்.

எப்சிபா


ஹாரோஹில்,
டிசம்பர் 11

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரை முதலில் உட்காரச் சொல்லி ஏதாவது சூடாகக் கொடுங்கள். அதற்குப் பிறகு படியுங்கள்.

ஷெரீப் கடற்கரையில் இருந்தே மரம் வரவழைத்தார். மலையடி ஆற்றுத்துறை வரை வந்தது. அங்கே மாடு மாற்ற வேண்டும். ஒரு ஊரிலும் மாடு கிடைக்கவில்லை. எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் கால் நொண்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மரம் துறையிலேயே கிடந்தது, மேலே பனி மூடியது. ஆறாம் தேதி வந்தது. நாங்கள் எல்லோரும் ஜெயில் வாசலில் நின்றோம், நம் ஊர் மட்டுமில்லை, சாலை நிறைய ஜனம். யாரும் சத்தம் போடவில்லை. சும்மா நின்றோம். மார்ச்சில் அவர்கள் கோர்ட்டு வாசலில் நின்ற மாதிரியே.

எட்டாம் தேதி தலைநகரிலிருந்து ஆள் வந்தான். ஆளுநர் தம் பெரிய மனதினால், தம் கருணையினால், நால்வரையும் மன்னித்தாராம். ஷெரீப் அதைச் சத்தமாக வாசித்தபோது ஜோப்பின் மனைவி, "கருணையா, மாடு கெடைக்கலையா?" என்று கேட்டாள். ஷெரீப் காகிதத்தை மடித்துக்கொண்டார்.

ஒரே கதவு வழியாக வருவோம் என்றார்கள் அல்லவா. நாலு பேரும் தோளோடு தோள் சேர்த்து ஒரே நேரத்தில் வரப் பார்த்து நிலையில் சிக்கிக்கொண்டார்கள். ஜெயிலர் உள்ளேயிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினான். பூட்டிவைத்தவனே வெளியே தள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

துறையில் கிடந்த உத்தரங்களைக் கேட்க யாரும் வரவில்லை. அவர் அவற்றை அறுத்துப் பனியில் ஓட்ட ஒரு சறுக்கு வண்டி செய்தார். நல்ல ஓக், தூக்குமேடைக்கு வீண் என்றார். அந்த வண்டியில்தான் உங்களை அழைத்துவர வந்திருக்கிறார். கம்பளி வைத்திருக்கிறேன், அது ஜெயில் கம்பளி, திருப்பிக் கொடுக்கவில்லை.

வந்ததும் ஊர் உங்களிடம் கதை கேட்கும். கரடிக் கதையை நீங்கள் சொல்லுங்கள். சீட்டுக் கதையை நான் சொல்கிறேன். உங்களுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

எப்சிபா


சைலஸின் அக்கா வீடு,
டிசம்பர் 15

அருமை மருமகளுக்கு ஆயிரம் ஆசீர்வாதம். காய்ச்சல் என்னைப் பார்த்து பயந்து ஓடிவிட்டது.

உன் புருஷன் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக இருக்கிறான், நான்கு அப்பம் தின்றான். நான் வாசலுக்கு ஓடி அவனைத் தூக்கிச் சுற்றினேன். அவன் வேறு மாதிரி சொல்வான், கட்டிலில் படுத்தபடி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்பான். ஜெயிலில் இருந்து வந்தவன், கண் சரியாகத் தெரியாது.

பனி விட்டதும் புறப்படுகிறோம். தபால்காரன் முந்திப் போவதால் இதை எழுதுகிறேன். ஊரில் கேட்டால் இப்படிச் சொல். ஆளுநர் லாத்ராப் மன்னிப்புக் கேட்டு ஆறு குதிரை பூட்டிய சாரட்டு அனுப்பினார். ஒபதியா பிரன்ட் ஏறமாட்டேன் என்றான். அந்த ஆளுநரின் தூக்குமரத்தின் மேலேயே கால் நீட்டி உட்கார்ந்து, கம்பளி போர்த்திக்கொண்டு, மாநிலத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் சவாரி செய்தான். வழியில் கரடிகள் இருபக்கமும் நின்று தொப்பியைத் தூக்கின.

சைலஸ் பத்தொன்பது பேர் என்றாரா? நான் எண்ணவில்லை. தொப்பியில் சீட்டைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது தரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க பயமாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, எப்சிபா.

இந்தக் கடிதத்தில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று ஊர்க்கூட்டம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். சீட்டை மடிக்க வேண்டாம் என்று சொல்.

உன் மாமன்,
ஒபதியா பிரன்ட்